பணம் கட்டிய பிள்ளையைக் கட்டாதவள் என்று எழுதாதீர்கள்: கணக்காளர் தேர்வு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தேர்வுத் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

சென்ற தேர்வுக்கு அப்ளிகேஷன் போடுவதற்கான கடைசி நாள். இரவு 11 மணி 24 நிமிடத்துக்கு, உசிலம்பட்டியில் என் கடையில் உட்கார்ந்து ஒரு மாணவி உங்களுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டினாள். அவள் கணக்கிலிருந்து பணம் போனது. போனதாக வங்கியிடமிருந்து எஸ்எம்எஸ்ஸும் வந்தது. உங்கள் தளத்தில் மட்டும் அது ஏறவில்லை. 12 மணிக்கு அப்ளிகேஷனை மூடிவிட்டீர்கள். ஒன்றரை வருடம் படித்த பிள்ளை அந்தத் தேர்வை எழுதவில்லை.

ஏழு மின்னஞ்சல் அனுப்பினோம். வரிசை எண் போட்ட தானியங்கிப் பதில்கள் வந்தன. கடைசியில் ஒரே ஒரு முறை, மனிதர் எழுதியது போல் இரண்டு வரி வந்தது: உங்கள் கட்டணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை, அடுத்த தேர்வுக்கு விண்ணப்பியுங்கள் என்று. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

உங்கள் அமைப்பின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அந்தப் பிள்ளைதான் கேட்டுக்கொண்டது. அவளுடைய அடுத்த அப்ளிகேஷனும் உங்கள் கைக்குத்தான் வர வேண்டும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. இப்படி ஒரு பயத்தோடு ஒரு மாணவி இருக்கிறாள் என்பதையாவது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் தேனி ரோட்டில் 14 வருடமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர். வருமானச் சான்றிதழ், பட்டா, டிஎன்பிஎஸ்சி, நீட், ரயில்வே வேலை என்று எல்லாவற்றுக்கும் இங்கே வருவார்கள். கணக்காளர் படிப்புக்கு வருகிறவர்கள் வருடத்துக்கு முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். சிஏ, சிஎம்ஏ, அபூர்வமாக ஏசிசிஏ. பெரும்பாலும் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் காமர்ஸ் குரூப் படித்த பிள்ளைகள். மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பார்கள். காலையில் அரப்பாளையம் பஸ் ஏறினால் திரும்பி வரும்போது இருட்டிவிடும். அதற்கு அப்புறம்தான் என் கடைக்கு வர முடியும். நானும் அதே காமர்ஸ் குரூப்தான். அப்புறம் தபால் வழியில் பி.காம். முடித்தேன். அதற்கு மேல் படிக்க வீட்டில் வழி இல்லை. அதனால் இந்தப் பிள்ளைகள் கடை வாசலில் வந்து நின்றாலே எனக்கு ஒரு பாசம். மறைக்கவில்லை.

அன்று இரவு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அவள் ஏன் கடைசி நாள் வரைக்கும் வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

உங்கள் பதிவுப் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. எங்கள் பக்கம் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அப்புறம் சொந்தப் பெயர், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல் இருக்கும். ஆதாரில் சிலருக்கு முன்னால் இருக்கும், சிலருக்குப் பின்னால் இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். லட்சுமி என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். பள்ளியில் ஆசிரியர் எழுதியது ஒன்று, ரேஷன் கார்டில் ஏறியது வேறொன்று.

இந்தப் பிள்ளை முதன்முதலில் பதிவு செய்தபோது கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டாள். படிவம் ஏற்கவில்லை. அப்பாவின் முழுப் பெயரைப் போட்டாள், ஏற்றது. உங்கள் பதிவேட்டில் அவள் பெயர் அப்படித்தான் இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் மட்டும். முந்தின தேர்வில் ஹால் டிக்கெட்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண்காணிப்பாளர், இந்த முறை விடுகிறேன், அடுத்த முறைக்குள் சரி செய்துவிடு என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவளும் சொன்னபடியே கேட்டாள். தேர்வு முடிந்த கையோடு பெயர் திருத்தத்துக்கு மனு போட்டாள்.

மனு பரிசீலனையில் இருந்தது 23 நாள். அத்தனை நாளும் தேர்வு அப்ளிகேஷன் அவளுக்குத் திறக்கவில்லை. திருத்தம் நிலுவையில் இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு வந்து, அக்கா ஒரு தடவை பாருங்களேன் என்பாள். பார்ப்போம். அதே வரி நிற்கும். சாதாரணக் கட்டணத்துக்கான கடைசி நாள் அதிலேயே போய்விட்டது. திருத்தம் முடிந்ததாகத் தகவல் வந்தபோது, தாமதக் கட்டணத்தோடு கட்டுவதற்கு மூன்று நாள்தான் மிச்சம். தாமதம் அவளால் வந்ததா? 23 நாள் மனுவை வைத்திருந்தவர்கள் நீங்கள். தாமதக் கட்டணம் கட்டச் சொன்னது அவளை. சரி, அதையும் கட்டுகிறேன் என்றுதான் அவள் சொன்னாள்.

அவள் அப்பா கொத்தனார் வேலை பார்க்கிறார். கூலி சனிக்கிழமைதான் கையில் வரும். கட்டணமும் தாமதக் கட்டணமும் சேர்ந்தால் அவருக்கு நான்கு நாள் கூலி. கடைசி நாள் சனிக்கிழமை. அன்று செக்கானூரணியில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டார்கள். தளம் போடுகிற அன்று வேலையை நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. கான்கிரீட் முழுவதும் போட்டு முடித்து, மேஸ்திரி கூலி பிரித்துக் கொடுத்து, அவர் பஸ் ஏறி என் கடைக்கு வந்தபோது மணி 9:40. கைலியில் சிமெண்ட் காயவில்லை. பணத்தை எண்ணி மேசையில் வைத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு என் கணக்கிலிருந்து பிள்ளையின் கணக்குக்கு அனுப்பினேன்.

அதற்குள் அவள் படிவத்தைத் திறந்து பாதி நிரப்பியிருந்தாள். உங்கள் தளம் அன்று எப்படி இருந்தது என்பது உங்கள் பதிவுகளிலேயே இருக்கும். ஒவ்வொரு பக்கமும் திறக்க நான்கைந்து நிமிடம். போட்டோவை ஏற்றினால் அளவு சரியில்லை என்றது. அதே போட்டோ முந்தின தேர்வுக்கு ஏறிய போட்டோதான். அளவைக் குறைத்து மறுபடி ஏற்றினோம். நடுவில் இரண்டு முறை தளம் அவளை வெளியே தள்ளியது. மறுபடி உள்ளே போக ஓடிபி வர வேண்டும். ஓடிபி வந்து சேர்ந்தபோது அதன் நேரம் முடிந்திருந்தது. மூன்றாவது ஓடிபியில்தான் உள்ளே போனோம். தேர்வு மையம் மதுரை, தாள்களில் எந்த குரூப், எந்தத் தாளுக்கு விலக்கு (அதாவது மறுபடி எழுத வேண்டாத தாள்) எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்பினாள். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தேன்.

11:24க்கு யூபிஐயில் பணம் போனது. 12 இலக்கக் குறிப்பு எண்ணோடு வங்கி எஸ்எம்எஸ் வந்துவிட்டது. உங்கள் பக்கம் வெள்ளையாக நின்றது. காத்திருந்தோம். சில நிமிடம் கழித்து, கட்டணம் நிலுவையில் உள்ளது என்று காட்டியது. 11:41க்கு என் சொந்தப் பணத்தைக் கட்டிப் பார்த்தேன். அது போகவே இல்லை. 11:50க்கு மேல் தளமே திறக்கவில்லை. 12 மணிக்குத் திறந்தது. விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது என்று சொன்னது.

அவள் அப்பாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. "பேங்க்ல பணம் எடுத்தாச்சுல்ல தாயி, அப்புறம் என்ன? கட்டியாச்சு, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்கு நாள் கூலியைக் கொடுத்த மனிதர். பணம் போனால் கட்டியாகிவிட்டது என்பதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. அதில் என்ன பிழை என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியவில்லை.

திங்கள்கிழமை காலையிலிருந்து உதவி எண்ணைக் கூப்பிட்டோம். ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு. தமிழுக்கு எண் இல்லை. ஒன்றை அழுத்தி 40 நிமிடம் பாட்டுக் கேட்டோம். எடுத்தவர், மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார். அனுப்பினோம். வங்கி ஸ்டேட்மென்ட், எஸ்எம்எஸ்ஸின் படம், திரையின் படம் எல்லாம் வைத்துத்தான் அனுப்பினோம். செவ்வாய்க்கிழமை அவள் ஆபீஸில் பர்மிஷன் போட்டாள், நான் கடையைச் சாத்தினேன், மதுரையில் உங்கள் அலுவலகத்துக்கு நேரில் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர் கொடுத்தார். ஆனால், எங்களுக்கு இதில் எந்த அதிகாரமும் இல்லை, தலைமையிடத்தில்தான் கேட்க வேண்டும் என்றார். தலைமையிடத்தில் யாரிடம், எந்த எண்ணில் என்று கேட்டதற்கு, அவர் எழுதிக் கொடுத்தது நாங்கள் ஏற்கனவே கூப்பிட்ட அதே எண்ணைத்தான்.

ஐந்தாவது நாள் பணம் அவள் கணக்குக்குத் திரும்பி வந்தது. அது வங்கியின் கடமை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று போட்ட சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது: யூபிஐயில் வாடிக்கையாளர் பணம் கழிந்து, பணத்தைப் பெறும் நிறுவனத்தின் பக்கம் உறுதி வராவிட்டால், அந்த நாளுக்கு அப்புறம் 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு. பணத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. பணம் திரும்பி வந்த அன்றுதான் அவள் அழுதாள். அதுவரை, பணம் நடுவில் எங்கேயோ இருக்கிறது, எப்படியும் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

இப்போது உங்களிடம் நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் முதல் நிலைத் தேர்விலும் அது உண்டு. வியாபாரியின் ரொக்க ஏடு ஒரு இருப்பைக் காட்டும், வங்கியின் பாஸ்புக் வேறொரு இருப்பைக் காட்டும். இரண்டுமே பொய் இல்லை. ஒரு பக்கம் பதிவான நேரத்துக்கும் இன்னொரு பக்கம் பதிவான நேரத்துக்கும் இடைவெளி விழுந்திருக்கும். போட்ட செக் இன்னும் கலெக்ஷன் ஆகியிருக்காது. அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து, காரணம் எழுதி, சரிகட்ட வேண்டும். வித்தியாசம் வந்தால் வாடிக்கையாளர் பணமே கட்டவில்லை என்று எழுதி ஏட்டை மூடு என்று எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை. ஒரு மாணவர் தேர்வில் அப்படி எழுதினால் நீங்கள் மார்க் போட மாட்டீர்கள்.

அடுத்த நிலைக்குப் போனால் தணிக்கைப் பாடம். நிறுவனம் தானே தயாரித்த ஆவணத்தைவிட, வெளியிலிருந்து வரும் சார்பற்ற சான்று பொதுவாக அதிக நம்பகமானது என்று தணிக்கைத் தரநிலை எஸ்ஏ 500 சொல்கிறது. இதை எனக்கு விளக்கியதே அந்தப் பிள்ளைதான். வங்கி ஸ்டேட்மென்ட் வெளியிலிருந்து வரும் சான்று. உங்கள் தளத்தின் பதிவு நீங்களே வைத்திருக்கும் ஏடு. அவள் அனுப்பிய ஸ்டேட்மென்டை யாராவது திறந்து பார்த்தீர்களா என்பதுகூட இன்று வரை எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்தே அவள் நியாயம் கேட்டாள். அதற்காவது ஒரு பதில் வந்திருக்க வேண்டும்.

இது செய்ய முடியாத காரியமும் இல்லை. என் கடையில் எல்லாத் தேர்வுக்கும் அப்ளிகேஷன் போடுவதால் அறிவிப்புகளை முழுசாகப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. யூபிஎஸ்சி அறிவிப்பைப் பாருங்கள். வங்கியிடமிருந்து கட்டண விவரம் வந்து சேராதவர்களின் பட்டியலைத் தளத்தில் வெளியிடுவோம், 10 நாளுக்குள் கட்டியதற்கான சான்றைக் கொடுத்தால், உண்மையாகக் கட்டியவர்களின் விண்ணப்பத்துக்கு மறுபடி உயிர் கொடுப்போம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நாடு முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் விண்ணப்பிக்கும் தேர்வு அது. மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்எஸ்சி அறிவிப்பில் விண்ணப்பத்துக்கு ஒரு கடைசி நாளும், கட்டணத்துக்கு அதற்கு மறுநாளும் கொடுக்கிறார்கள். ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

கடைசி நாள் வரைக்கும் காத்திருந்தது மாணவரின் தப்பு என்று இனியும் சொல்லாதீர்கள். 2025இல் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்கு மாறியது. அந்த 15ஆம் தேதி இரவு, இன்னும் ஒரே ஒரு நாள் நீட்டித்து 16 என்றார்கள். அப்படி நீட்டிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களில் முன்னால் நிற்பவர்கள் ஆடிட்டர்கள்தான். அவர்கள் கேட்பது நியாயம். தளம் திணறுகிறது, கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள், வரி கட்டுகிறவர் அபராதம் கட்டக் கூடாது என்பார்கள். செப்டம்பரில் நடு ராத்திரி வரைக்கும் அந்த ஆபீஸ்களில் உட்கார்ந்து கணக்கு ஏற்றுகிறவர்கள் யார்? இந்தப் பிள்ளைகள்தான். வரி கட்டுகிறவருக்காகக் கேட்கிற நியாயத்தை, நாளைக்கு அதே தொழிலுக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

தேதியை மாற்றிய நல்ல உதாரணமும் எங்கள் கண் முன்னால் இருக்கிறது. 2025 ஜனவரியில் சிஏ படிப்பின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வில் ஒரு தாள் 14ஆம் தேதி, பொங்கல் அன்று விழுந்தது. எங்கள் மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் எதிர்ப்புத் தெரிவித்தார், வேறு பலரும் கேட்டார்கள். அந்தத் தாள் 16ஆம் தேதிக்கு மாறியது. உசிலம்பட்டியில் அந்தச் செய்தி வந்த அன்று என் கடைக்கு வந்த பிள்ளைகளின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. நாம் சொன்னால் கேட்கிறார்கள் என்ற சந்தோஷம். அந்த நம்பிக்கையில்தான் இதையும் எழுதுகிறேன்.

ஒரு தேர்வு போனால் என்ன, அடுத்தது வருமே என்று உங்கள் பதில் சொல்கிறது. சிஏவில் ஃபவுண்டேஷன், இன்டர் தேர்வுகள் 2024இலிருந்து வருடத்துக்கு மூன்று முறை நடக்கின்றன. சிஎம்ஏ இரண்டு முறை. ஏசிசிஏ நான்கு முறை. எந்தப் படிப்பாக இருந்தாலும் ஒரு வாய்ப்பு போனால் குறைந்தது மூன்று மாதம், சில சமயம் ஆறு மாதம். நகரத்தில் கோச்சிங்குக்குப் போகிற, வீட்டில் வசதியுள்ள பிள்ளைக்கு அது வெறும் காத்திருப்பாக இருக்கலாம். இந்தப் பிள்ளை தேர்வுக்காக ஆபீஸில் வாங்கிய லீவு வீணாகிவிட்டது. அடுத்த முறை மறுபடி கேட்டால் கொடுப்பார்களா தெரியாது. வாங்கி வைத்த புத்தகத்தில் வரிச் சட்டம் அடுத்த தேர்வுக்கு மாறிவிடும். வரித் தாளுக்குப் புதுப் புத்தகம், புதுத் திருத்தம். அப்புறம் வீடு. இன்னும் எத்தனை வருடம் படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு பெண் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வந்தால் அதற்கு அடுத்து என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதுவரை அவள் அப்பாதான் அந்தப் பேச்சைத் தடுத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு ஒவ்வொரு தேர்வும் ஒரு பதில். அந்தப் பதிலைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

இவள் ஒருத்தி கதை மட்டும் இல்லை. திருமங்கலத்திலும் பேரையூரிலும் என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டேன். அதே சனிக்கிழமை இரவு பேரையூரில் ஒரு தம்பிக்கும் பணம் போய் அப்ளிகேஷன் ஏறவில்லை. அவன் யாருக்கும் மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டானாம். உங்கள் புகார்ப் பட்டியலில் அவன் இருக்கவே மாட்டான். இப்படி எத்தனை பேர் என்பது உங்கள் கட்டணப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் முதல் கோரிக்கை, அந்தப் பதிவைத் திறந்து பாருங்கள். அன்று இரவு 12 மணிக்குள் பணம் கழிந்து, உங்கள் தளத்தில் ஏறாமல் போன ஒவ்வொரு மாணவரையும் வங்கியோடு ஒப்பிட்டுக் கண்டுபிடியுங்கள். புகார் கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பிரிக்காதீர்கள். அவர்களுக்கு அடுத்த தேர்வில் கட்டணம் இல்லாமல் இடம் கொடுங்கள். அவர்களில் யாருக்காவது ஏதாவது ஒரு தாளில் விலக்கு இருந்து, அதன் காலம் இந்த ஒரு தேர்வால் குறைந்திருந்தால், அந்தக் காலத்தை ஒரு தேர்வு நீட்டித்துக் கொடுங்கள். அவள் கட்ட வேண்டியதே இல்லாத தாமதக் கட்டணத்தை இனி அவளிடம் கேட்காதீர்கள்.

அடுத்த அப்ளிகேஷன் தொடங்கும் முன்னால் விதியை மாற்றி அறிவிப்பில் எழுதுங்கள். கட்டணத்துக்கு விண்ணப்பத்தைவிட ஒரு நாளாவது கூடுதலாக வேண்டும். மூடிய பின்பு கட்டணம் பொருந்தாதவர்களின் பட்டியலை விண்ணப்ப எண்ணோடு வெளியிட்டு, 10 நாளுக்குள் வங்கி ஸ்டேட்மென்ட் கொடுத்தவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹால் டிக்கெட் வருவதற்கு எப்படியும் பல நாள் இருக்கிறது. நேரம் உங்களிடம் இருக்கிறது.

பெயர்க் கட்டத்தை மாற்றுங்கள். கடைசிப் பெயர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு, மார்க் ஷீட்டில் இருக்கிறபடி முழுப் பெயர் என்று ஒரே கட்டம் வையுங்கள். இனிஷியல் உள்ள பெயரும் முழுமையான பெயர்தான். பெயர் திருத்த மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காகத் தேர்வு அப்ளிகேஷனைப் பூட்டி வைக்காதீர்கள். திருத்தம் ஒரு பக்கம் நடக்கட்டும், தேர்வுக்கு அவர்கள் விண்ணப்பிக்கட்டும். உங்கள் பக்கம் மனு தாமதமானால் தாமதக் கட்டணம் வாங்காதீர்கள்.

உதவி எண்ணில் தமிழ் வேண்டும். தேர்வைத் தமிழில் நடத்துங்கள் என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை, அது தனியாகப் பேச வேண்டியது. பணம் போய்விட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்பதற்குத் தாய்மொழியில் ஒரு ஆள் வேண்டும். கடைசி மூன்று நாளாவது அந்த ஆள் நள்ளிரவு வரைக்கும் இருக்க வேண்டும். மதுரை அலுவலகத்துக்கு ஒரு புகாரை வாங்கி, முத்திரை வைத்து, ரசீது கொடுத்து, தலைமையிடத்துக்கு அனுப்பும் அதிகாரமாவது கொடுங்கள். 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த பிள்ளை வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

அவள் விண்ணப்ப எண்ணையும், 12 இலக்கக் குறிப்பு எண்ணையும், வங்கி ஸ்டேட்மென்டையும் பதிவுத் தபாலில் உங்கள் தலைமையிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கடித உறையின் மேல் கட்டணப் புகார் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அடுத்த தேர்வுக்கான அப்ளிகேஷன் திறப்பதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, எதில் வந்தாலும் அவள் அப்பாவுக்கு நான் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
தேனி ரோட்டில் பிரவுசிங் சென்டர் நடத்தும் பெண்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.